சுரங்கத்துக்குள் ஓடும் சட்லஜும் எட்டு நாள் பயணநிரலும்

மே மாதப் பருவத்தேர்வுகள் முடிந்த வாரத்தில் தில்லிப் பல்கலைக்கழக விடுதிகளில் ஏறத்தாழ ஒரே பயணநிரல் கைமாறுகிறது. முதல் நாள் இரவு காஷ்மீரி கேட்டிலிருந்து சிம்லாவுக்குப் பேருந்து. அடுத்த நாள் சாங்லா. பிறகு சித்குல், கல்பா. நான்காம் நாள் நாக்கோ வழியாகத் தாபோ. ஐந்தாம் நாள் தன்கர், காசா. ஆறாம் நாள் ஒரே மூச்சில் கீ மடாலயம், கிப்பர், லாங்ஸா, ஹிக்கிம், கோமிக். ஏழாம் நாள் குன்சும் கணவாயைக் கடந்து சந்திரதால் ஏரி. எட்டாம் நாள் மனாலி. துறைகள் நடத்தும் கல்விச் சுற்றுலாக்களும் பெரும்பாலும் இதே நிரலையே பின்பற்றுகின்றன. தலைப்பில் மட்டும் களப்பயணம் என்ற சொல் சேர்ந்துகொள்கிறது.

சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகக் காசா வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி, முதலில் சட்லஜ், பிறகு அதன் துணையாறான ஸ்பிதி என்று இரண்டு ஆறுகளின் கரையை ஒட்டியே செல்கிறது. பள்ளத்தாக்குப் பயணம் என்றுதான் இதற்குப் பெயரும் வழங்குகிறது. ஆயினும் நிரலில் குறிக்கப்பட்ட இடங்களுள் ஆறு இல்லை. மடாலயம் உண்டு, ஏரி உண்டு, உலகின் மிக உயரமான அஞ்சலகங்களுள் ஒன்று உண்டு. ஆறு படங்களில் யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால் மட்டும் வருகிறது. இந்த விடுபடல் தற்செயலானதன்று. ஆற்றை ஓர் இடமாகக் கருதி நின்று பார்த்தால், பயணம் விற்கும் தூய இமயம் என்ற படிமம் இரண்டாம் நாள் மதியத்துக்குமேல் நிலைக்காது.

இரண்டாம் நாள் மதியம் வண்டி ராம்பூரைத் தாண்டிக் கர்ச்சம் நோக்கி ஏறும் நேரம். முந்தைய இரவுப் பேருந்தின் அசதியில் பயணிகள் உறங்கும் நேரமும் அதுவே. இந்தப் பகுதியை நீரோட்டத்தின் திசையில், மேலிருந்து கீழாகச் சொல்வது எளிது. கர்ச்சமில் பாஸ்பா ஆறு சட்லஜில் சேர்கிறது. பாஸ்பாவே 300 மெகாவாட் திட்டம் ஒன்றுக்காகச் சாங்லாவுக்கு அருகில் குப்பா என்னுமிடத்தில் தடுக்கப்பட்டு, சுரங்கம் வழியாக இறங்கி வந்த ஆறு. இரண்டும் கூடியதற்குச் சற்றுக் கீழே கர்ச்சம் அணை. அங்கே சட்லஜின் நீர் சுமார் 17 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் திருப்பப்பட்டு, வாங்டூவில் 1,000 மெகாவாட் திறனில் கட்டப்பட்ட நிலையத்தின் சுழலிகளை இயக்கிவிட்டு வெளியே வருகிறது. வெளியே வந்த நீர் சிறிது தொலைவு ஓடுவதற்குள் நாத்பா அணை மறிக்கிறது. அங்கிருந்து 27 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த இன்னொரு சுரங்கம். முடிவில் ஜாக்ரியில் மலைக்குள்ளேயே குடையப்பட்ட 1,500 மெகாவாட் நிலையம். ஜாக்ரியில் வேலை முடித்த நீரும் ஆற்றுக்குத் திரும்புவதற்கு முன்பே மூன்றாவது சுரங்கத்துக்குள் செலுத்தப்படுகிறது. அது 15 கிலோமீட்டர் நீளம். ராம்பூர் திட்டத்துக்கு, 412 மெகாவாட்.

மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சாலை ஆற்றோரமாகச் செல்வதாக வரைபடம் காட்டும் அந்தத் தொலைவில், ஆண்டின் பெரும்பகுதி ஆற்றுநீரின் பெரும்பங்கு சாலைக்கு எதிர்ப்புற மலையின் வயிற்றிலோ சாலைக்கு அடியிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. குறைநீர்க் காலத்தின் மிகக் குறைந்த வரத்தில் 15 விழுக்காட்டை அணைக்குக் கீழே விடவேண்டும் என்பது இமாசல அரசின் விதி. அந்த 15 விழுக்காடும் அதற்குக் கீழே சேரும் சிற்றோடைகளும்தாம் குளிர்காலத்துச் சட்லஜ்.

சுற்றுலாப் பருவம் இதைக் கச்சிதமாக மறைத்துவிடுகிறது. மே இறுதி முதல் செப்டம்பர் வரை பனியும் பனியாறுகளும் உருகுவதால் வரத்து சுரங்கங்களின் கொள்ளளவை மிஞ்சிவிடும். மிஞ்சியது படுகையில் சாம்பல் நிறத்தில் கொந்தளித்து ஓடும். அதைப் பார்த்துச் செல்பவருக்கு ஆற்றில் என்ன குறை என்று தோன்றுவது இயல்பே. விடுமுறை, கணவாய் திறப்பு, ஆற்றின் நிறைவு மூன்றும் ஒரே காலத்தில் அமைந்துவிட்டன. நவம்பருக்குப் பிறகு அதே வளைவில் நிற்பவர் காண்பது வேறோர் ஆறு. அப்போது அங்கே நிற்பவர்கள் நாத்பா, நிச்சார், வாங்டூ ஊர்க்காரர்கள் மட்டுமே.

நீர்மின் திட்டங்களை ஒற்றை வரியில் தீமை என்று ஒதுக்குவது ஆய்வுலகுக்கு அழகன்று. இதே ஆற்றில் கீழே, 1963இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பாக்ரா அணை பழைய பிலாஸ்பூர் நகரத்தையே கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்துக்கு அடியில் அனுப்பியது. அதனோடு ஒப்பிட்டால் சுரங்கவழித் திட்டங்கள் மூழ்கடிக்கும் நிலம் சிறிது. ஜாக்ரியின் மின்சாரம் வடக்கு மாநிலங்களின் தொகுப்புக்குச் செல்கிறது; தில்லிக்கும் அதில் பங்கு உண்டு. பயணநிரல் கைமாறும் விடுதியின் மின்விசிறியை இந்த ஆற்றிலிருந்து முழுவதுமாகப் பிரித்துவிட முடியாது என்பதும் உண்மை. சுரங்கத்தின் விலை வேறு வகையில் வசூலாகிறது. வெடிவைத்துக் குடைந்த மலைச்சரிவுகளில் ஊற்றுகள் வற்றியதாகவும் வீடுகளில் விரிசல் கண்டதாகவும் கின்னௌர் கிராமங்கள் நெடுநாளாக முறையிட்டு வருகின்றன. ஆற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவருக்கு அணையைக் காட்டலாம்; ஊற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவரிடம் சான்று கேட்கப்படுகிறது. நிலத்தடி நீரின் பழைய அளவீடுகள் இல்லாத ஊரில் அந்தச் சான்றை எவர் தருவது? நீரியலிலும் புவியியலிலும் ஆய்வுமாணவர்களை வைத்திருக்கும் துறைகள் தம் வண்டிகளை அந்த ஊர்களின் வழியாக ஆண்டுதோறும் அனுப்புகின்றன என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

கின்னௌர் மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. காஷங் திட்டத்தின் அடுத்த கட்டங்கள் தொடர்பாக லிப்பா கிராமத்தினர் தொடர்ந்த வழக்கில், 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வன உரிமைச் சட்டத்தின்படி கிராமசபையின் முன் செய்தியை வைக்குமாறு ஆணையிட்டது. 2021 சூலை 25 அன்று சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரியில் பாறைகள் உருண்டு விழுந்து சுற்றுலா வாகனத்தில் இருந்த 9 பேர் இறந்தனர். ஆகஸ்டு 11 அன்று நிகுல்சரியில் மலைச்சரிவு ஒரு பேருந்தையும் வேறு வாகனங்களையும் புதைத்தது. 28 பேர் இறந்தனர். அதன் பின்னர் 804 மெகாவாட் ஜங்கி தோபன் பொவாரி திட்டத்துக்கு எதிராகக் கின்னௌர் இளைஞர்கள் எழுப்பிய ‘நோ மீன்ஸ் நோ’ முழக்கம் மாவட்டம் முழுவதும் பரவியது. ஒவ்வொரு சரிவுக்கும் சுரங்கமே காரணம் என்று சொல்வது அறிவியலாகாது. செங்குத்தான சரிவுகள், 1975 சனவரியில் 6.8 அளவில் அதிர்ந்த நிலம், சாலை அகலப்படுத்தல், மழைப்போக்கின் மாற்றம் எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அத்தகைய மலையில் மேலும் எவ்வளவு குடையலாம் என்பதே அந்த இளைஞர்களின் கேள்வி. பட்சேரியில் இறந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் என்பதால், இது உள்ளூர் விவகாரம் என்று விலகிக்கொள்ளவும் வழியில்லை.

காப் என்னுமிடத்தில் திபெத்திலிருந்து வரும் சட்லஜைப் பிரிந்து சாலை ஸ்பிதியோடு திரும்புகிறது. அங்கிருந்து நிலத்தின் நிறமே மாறுகிறது. பருவமழையை மலைத்தொடர்கள் மறித்துவிடும் குளிர்ப் பாலைநிலம் இது. லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 14,000 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 31,564 பேர். சதுர கிலோமீட்டருக்கு இருவர் என்ற இந்த அடர்த்தியைப் படித்தே பலர் இதை வெற்றுநிலம் என்று எண்ணிக்கொள்கின்றனர்.

தமிழ் இலக்கண மரபில் நிலம் வெறுமனே வருவதில்லை. அதனோடு தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று கருப்பொருள்கள் சேர்ந்தே வரும். தொல்காப்பியர் பனிப்பாலையை அறிந்திருக்கவில்லை. எனினும் ஸ்பிதிக்குச் செல்லும் தமிழ் மாணவர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஊரைப் பார்த்தால் பயண நிறுவனத்தின் துண்டறிக்கையைவிட அதிகம் விளங்கும்.

ஊர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பேராற்றின் கரையில் இராது. பனி உருகி இறங்கும் ஒரு கிளையோடையின் வாயில், சரிவு சற்றே சமன்படும் இடத்தில் இருக்கும். ஸ்பிதி ஆறு ஆழத்தில் ஓடுகிறது. அதிலிருந்து வயலுக்கு நீரேற்ற முடியாது. ஆகவே மேலே பனி முகட்டிலிருந்து கூல் என்னும் வாய்க்காலை மலைச்சரிவில் கிலோமீட்டர் கணக்கில் வளைத்துக் கொண்டுவந்திருக்கின்றனர். நீர் முறை வைத்துப் பங்கிடப்படுகிறது. எந்த வீட்டுக்கு முதல் முறை, எந்த வீட்டுக்கு எச்சம் என்பதில் ஊரின் பழைய படிநிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த நீரில் வாற்கோதுமை விளைந்தது. இப்போது பச்சைப் பட்டாணியும் விளைந்து சமவெளிச் சந்தைகளுக்கு லாரியேறுகிறது. குளிர்காலப் பனி குறைந்தால் அடுத்த ஆண்டின் ஓடை மெலிகிறது, கூல் மெலிகிறது.

இந்த நீர்க்கணக்கில்தான் விருந்தினர் நுழைகிறார். ஸ்பிதியின் மரபுவழி வீடுகளில் உலர் கழிப்பறை உண்டு. மேல்தளத்து அறையின் தரையில் ஒரு திறப்பு. மண்ணும் சாம்பலும் வைக்கோலும் தூவப்படும். கீழறையில் சேர்ந்து மட்கியதை வசந்தத்தில் வயலுக்குச் சுமப்பர். நீர் தேவையில்லை. மார்கழி, தை மாதங்களில் குழாய்கள் உறைந்துபோகும்போதும் அது இயங்கும். கால்நடை எரு போதாத நிலத்துக்கு உரமும் அதிலிருந்தே கிடைக்கிறது. பட்டாணியின் பின்னால் அதுவும் இருக்கிறது. இதை அருவருப்பு என்று முகம் சுளிக்கும் விருந்தினருக்காகக் காசாவிலும் பிற ஊர்களிலும் பீங்கான் கழிப்பறைகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு முறையும் பல லிட்டர் நீர். அது குடிநீர் வரும் அதே ஓடையிலிருந்து. கழிவு உறிஞ்சுகுழிக்குள் இறங்குகிறது, வயலுக்குப் போவதில்லை. ஓர் ஊரின் நீரும் உரமும் ஒரே கருவியால் ஒருசேரப் பறிபோவதைப் பார்க்க வேண்டுமானால் மடாலயத்துக்குப் போகும் வழியில் எந்தத் தங்குமிடத்திலும் பார்க்கலாம். சூழலியல் மாணவர்கள்கூட அறையை முன்பதிவு செய்யும்போது முதலில் கேட்பது அந்தப் பீங்கானைத்தான் என்பதை மேற்பார்வையாளர்கள் அறிவர்.

தாபோவைப் பற்றி இங்கே மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 996இல் குகே அரசின் ஆதரவில் எழுந்த அந்த மண்கட்டு விகாரையின் சுதைச் சிற்பங்களும் சுவரோவியங்களும் கலை வரலாற்றாசிரியர்களால் விரிவாக எழுதப்பட்டுவிட்டன. உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. அதனாலேயே, நிரலில் உள்ள இடங்களில் பயணிகள் கண்ணால் பார்க்கும் ஓரிடமாக அது எஞ்சியிருக்கிறது. லாங்ஸாவில் நிலைமை வேறு. டெத்திஸ் கடலின் படிவுகளில் பதிந்த அம்மோனைட்டுத் தொல்லுயிர் எச்சங்கள் அங்கே கிடைக்கின்றன. சிறுவர்கள் விற்கின்றனர், பயணிகள் வாங்குகின்றனர். எந்த அடுக்கிலிருந்து பெயர்த்தது என்ற குறிப்பில்லாத எச்சம் அலங்காரக் கல்லாகிவிடுகிறது. 1860களில் ஸ்டோலிக்ஸ்கா அடுக்கடுக்காகப் பிரித்து எழுதிய நிலம் அது. நிலவியல் துறையின் கண்ணாடி அலமாரியிலேயே அப்படி வாங்கிய கல் இருக்குமானால் சிறுவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இவ்வளவையும் அடுக்கிவிட்டு, எவரும் போக வேண்டாம் என்று முடிப்பது இணையத்தில் இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த முடிவு பார்க்க நேர்மையாகத் தோன்றினும், ஏற்கெனவே போய்வந்தவர்களின் சொகுசாகவே படுகிறது. பட்டாணி ஆண்டுக்கு ஒரு முறைதான் காசு தரும். வேறு தொழில் அரிதான இடத்தில் வீட்டின் ஓர் அறையை விருந்தினருக்கு விடுவது குடும்பத்தின், குறிப்பாக இல்லத்துப் பெண்களின், கையில் நேரடியாக வரும் வருமானம். கிப்பர் ஊரார் தம் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு விலங்குகளுக்கென ஒதுக்கினர். மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனோடு பல்லாண்டுகளாகச் சேர்ந்து பணியாற்றியும் வருகின்றனர். பனிச்சிறுத்தை கால்நடையைக் கொன்றால் ஈடு தரும் காப்பீட்டை ஊரே நடத்துகிறது. குளிர்காலத்தில் சிறுத்தையைக் காண வருபவர்களுக்கு வழிகாட்டுவோரும் சுமை தூக்குவோரும் அவ்வூரார். எத்தனை பேர், எப்போது, எந்த நிபந்தனையில் வரலாம் என்பதை ஊர் முடிவு செய்யும் இடத்தில் சுற்றுலா ஒரு தொழிலாக நிற்கிறது. முடிவு தில்லியிலோ மனாலியிலோ எடுக்கப்படும் இடத்தில் ஊர் வெறும் பின்னணித் திரையாகிறது. ஆறாம் நாளில் ஐந்து ஊர்களை அடுக்கும் நிரல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஐந்து ஊர்களிலும் தேநீருக்குமேல் எவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. தூசி மட்டும் பங்கிடப்படுகிறது.

வேகத்துக்கு உடலும் விலை கொடுக்கிறது. 3,000 மீட்டருக்குமேல் சென்றபின் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. சிம்லா, கல்பா, தாபோ, காசா என்று ஆற்றோடு ஏறும் வழியில் இதை ஏறக்குறையக் காக்க முடியும். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்தபின் மனாலிப் பக்கத்திலிருந்து தொடங்குவது எளிதாகிவிட்டது. சுமார் 2,000 மீட்டர் உயரமுள்ள மனாலியில் காலையில் புறப்பட்டு, 4,200 மீட்டருக்கும் மேலுள்ள சந்திரதால் கூடாரத்தில் அன்றிரவே படுக்கும் குழுக்கள் உண்டு. 2023 சூலையில் பருவம் தவறிய பனிப்பொழிவால் ஏறக்குறைய 300 பேர் அங்கே பல நாள்கள் சிக்கிக்கொண்டனர். மீட்பதற்குச் சாலையில் பனியை அகற்றியபடி செல்ல நேர்ந்தது. நிரலில் ஒரு மாற்று நாள்கூட வைக்காமல் ரயில் பயணச்சீட்டை முன்பதிவு செய்துவிட்டு மாணவர்களை அழைத்துச் செல்வதை அமைப்பாளரின் திறமை என்று பாராட்டும் வழக்கம் துறைகளில் இருக்கிறது. அது நிற்க வேண்டும்.

துறைகள் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. ஆறாம் நாளின் ஐந்து ஊர்களை ஒன்றாக்கி, அந்த ஊரில் இரண்டு இரவுகள் தங்கலாம். உலர் கழிப்பறை உள்ள வீட்டைக் கேட்டு வாங்கலாம். சந்திரதாலைக் கைவிட்டு, வந்த வழியே கின்னௌருக்குத் திரும்பலாம். ஆற்றின் ஓட்டத்தோடு இறங்கினால் காப் கூடல் முதல் ராம்பூர் வரை நீர் எங்கே மறைகிறது, எங்கே வெளிப்படுகிறது என்பது தானாகவே வரிசைப்படும். நாத்பா அணையையும் ஜாக்ரி நிலையத்தையும் பார்க்கத் துறை முறைப்படி அனுமதி கோரலாம். அதே நாளில் அணைக்கு மேலுள்ள ஒரு கிராமத்தின் ஊற்றடியையும் பார்க்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை, ஊராரின் அனுமதியைத் தவிர.

இன்னொன்று, பயணத்தை மே மாதத்திலிருந்து டிசம்பர் விடுமுறைக்கு மாற்றுவது. குன்சும் அப்போது மூடியிருக்கும். எட்டு நாள் வட்டம் சாத்தியப்படாது. காசா செல்வதும் பனியைப் பொறுத்தது. ஆனால் ரெக்காங் பியோ வரை பேருந்து ஓடும். ஆப்பிள் அறுவடை முடிந்து ஊரார் பேசுவதற்கு நேரம் உள்ள மாதம் அது. கர்ச்சத்துக்குக் கீழே படுகைப் பாறைகள் வெளிறிக் கிடப்பது சாலையிலிருந்தே தெரியும். கோடையில் அதே வளைவில் எடுத்த படம் ஒன்று இருந்தால் அருகில் வைத்து ஒப்பிடலாம். துறை நூலகத்தில் உள்ள பழைய சுற்றுலா அறிக்கைகளில் தேடினால், யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால் அது கிடைத்துவிடும்.